கையொப்பம் வேறுபடுகிறது

4 ஜூன் 2023

பௌர்ணமி. காசியுடன் கிரிவலம். என்னிடம் வாங்கிய பணத்துக்கு வீட்டிலேயே செக் எழுதிக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் செருகினான். என் மனைவி வள்ளியின் முட்டி ஆபரேஷனுக்கு வழி பிறந்தது. அடி அண்ணாமலையில் டீ வேண்டாம் என்றான். முப்பது வருஷமாக அந்தக் கடை டீயைத் திட்டிக்கொண்டே இரண்டு குடிப்பவன்.

9 ஜூன்

செக் திரும்பிவிட்டது. கூடவே வங்கியின் சீட்டு: 'கையொப்பம் வேறுபடுகிறது'.

காசியின் கையெழுத்து எனக்குத் தெரியாததா? கோபுரம் போல எழும்பி, கடைசியில் ஒரு வால். கீழ்பென்னாத்தூர் பக்கம் வாத்தியார்களாக இருந்தபோது, அவன் பஸ்ஸைத் தவறவிட்ட காலைகளில் வருகைப் பதிவேட்டில் நான்தான் போடுவேன். தலைமையாசிரியருக்கு ஒரே ஒரு தடவை சந்தேகம் வந்தது. அன்று போட்டது காசியேதான்.

10 ஜூன்

போன் எடுக்கவில்லை. ஏழு தடவை. ச்சே — என்கிட்டயேவா?

14 ஜூன்

வேண்டுமென்றே மாற்றிப் போடுவது பழைய வித்தை என்றார் வக்கீல் சக்கரவர்த்தி. வங்கி முத்திரையோடு அந்தச் சீட்டு இருந்தால் போதும், செக் திரும்பியதற்கு வேறு சாட்சி வேண்டாமாம். என் சீட்டில் முத்திரை இல்லை. இரண்டு நடை நடந்து வாங்கிக் கொடுத்தேன். நோட்டீஸ் போயிற்று. நாங்கள் சிநேகிதர்கள் என்பதற்குத்தான் எந்த முத்திரையும் இல்லை.

24 ஜூன்

வக்கீல் ஆபீஸ். நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கு காசி கையெழுத்திட்ட தபால் அட்டை வந்திருந்தது. கோபுரம் இல்லை, வால் இல்லை. கோடு நடுங்கிக் கட்டத்தைத் தாண்டியிருந்தது. தபால்காரரை ஏமாற்றி அவனுக்கு என்ன லாபம்? செக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நடுக்கம்.

கிரிவலத்தன்று அவன் வேண்டாம் என்ற டீ கிளாஸ்.

25 ஜூன்

வேங்கிக்காலில் காசி வீடு. கைகளைத் துண்டுக்குள் வைத்திருந்தான்.

"நோட்டீஸ்ல 'தாங்கள்'னு போட்டிருக்கடா. நீ எனக்குக் குடுத்த மொத மரியாதை."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பசங்க கையெழுத்துக்கு மார்க் போட்டவன்டா நானு. கை ஆடுதுன்னு எப்படிச் சொல்றது?"

வக்கீலுக்குப் போன் செய்து, மேற்கொண்டு எதுவும் வேண்டாம் என்றேன்.

26 ஜூன்

வங்கி. பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாமாம். ரேகை அவனுடையதுதான் என்று வங்கி அதிகாரி ஒருவரும் வெளியாள் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். காசி மையில் விரலை ஒற்றினான்.

"இத உன்னால போட முடியாதுடா."

கீழே நான் கையெழுத்திட்டேன். காசிக்காக எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். என் பெயரில் போட்டது இதுதான் முதல் தடவை.