ஐந்தாவது ராடு

கோரைத்திட்டு குப்பம்,
22.9.2025, திங்கள்.

எபினேசருக்கு,

நேற்று மாலை ஊர்க்கூட்டத்தில் என் பெயரைப் பாடு சீட்டிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். கூட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் இதை என் வாசலுக்கு வந்து சொன்னவர் ஊர்த் தலைவர் அரசப்பன் மாமா. குற்றம் சொல்லப்பட்டவன் கூட்டத்தில் உட்காரக் கூடாது என்பதால் நான் வீட்டில் இருந்தேன்.

பாடு என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். ஏழு வருஷம் என் படகில் உட்கார்ந்தவன் நீ. இருந்தாலும் தெரியாது என்று பின்னால் சொல்லிவிடாமல் இருக்க எழுதுகிறேன். ஏரியில் மீன் ஓடும் கால்வாய்களில், இன்ன நாள் இன்னார் வலை என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு முறை வைக்கிறோம். முறைக்காரன் நட்ட கழிகளைத் தாண்டி அன்று இன்னொருத்தன் படகு போகக் கூடாது.

செப்டம்பர் 13, சனிக்கிழமை, முகத்துவாரக் கால்வாய் செங்கல்வராயன் சித்தப்பாவின் முறை. அன்று என் படகு கழிக்கு உள்ளே நின்றது. அதற்குச் சாட்சி, ஒரு வாரம் கழித்து நீ உன் சேனலில் போட்ட வீடியோ. ஆறு கிலோ கொடுவா மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாய். உன் பக்கத்தில் என் படகின் நம்பர். பின்னால் சித்தப்பாவின் கழி.

சித்தப்பா கூட்டத்தில் பேசியதை மாமா அப்படியே சொன்னார். "கம்பெனிக்காரன இட்டாந்து நம்ம கால்வாயில வுட்டுட்டு, இவன் ஒண்ணும் தெரியாத மாதிரி ஊட்ல குந்திக்கினு இருக்கான். யாருக்குக் காது குத்துறான்?"

நான் உன்னோடு படகில் இல்லை. கழியைத் தாண்டாதே என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். இந்த இரண்டையும் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை சீட்டு எடுக்கிறார்கள். அதற்குள் வந்தால் என் பெயர் ஏறும். வராவிட்டால் ஒரு வருஷம் எனக்குக் கால்வாய் கிடையாது. நானும் நீயும் கான்டிராக்டில் கிடந்த அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துக்கே மறுபடி சாம்பல் அள்ளப் போக வேண்டும்.

உன் நம்பரை பிளாக் செய்தது நான்தான். ஊர் எழுத்தைத்தான் கேட்கிறது. உன் பேச்சு எனக்கு வேண்டாம்.

முரளி


புதுவாயல்,
25.9.2025.

முரளிக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். கிரேஸ் பக்கத்தில் நிற்கிறாள், அதனால் இந்த வரி.

உன் கடிதம் நேற்று கிடைத்தது. போலீஸ் ஸ்டேஷன் சம்மன்கூட இதைவிட மரியாதையாக இருக்கும்.

பாடு வலைக்கு. தூண்டிலுக்கும் பாடு உண்டு என்று இந்த ஏழு வருஷத்தில் நீயோ உன் ஊரோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் வலை போடவில்லை.

நீ கேட்கிற மாதிரி என்னால் தேதி போட முடியாது. நீ சொல்கிற அந்த நாளில் நான் மணிக்கட்டுச் சுளுக்குக்காக மெடிக்கல் லீவில் இருந்தேன். பத்து நாள் லீவு. வலி ஆறே நாளில் போய்விட்டது, அது என் தப்பில்லை. ஆனால் செங்கல்வராயனின் மருமகன் சரவணகுமார் எங்கள் ரோலிங் மில்லில்தான் வேலை செய்கிறான். உங்கள் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை என் கையெழுத்தோடு படிப்பது திங்கட்கிழமை எச்.ஆர். மேஜைக்கு வரும். கையில் கட்டுப் போட்டவன் ஆறு கிலோ மீனைத் தூக்கினான் என்றால் பதினான்கு வருஷ சர்வீஸ் அன்றோடு முடிந்தது. உன் சீட்டுக்காக என் சோற்றில் கை வைக்காதே.

என் தூண்டில் ராடுகள் ஐந்தும் உன் வீட்டு விட்டத்தில் இருக்கின்றன. பைக்கில் ஒன்பதடி ராடு வராது என்பதால் உன்னை நம்பி வைத்தேன். ஆறடி லைட் ராடு, கரையோரம் ரப்பர் இறால் வீச. ஏழடி மீடியம், எதற்கும் ஆகும். மேலே ரீல் உட்காரும் குட்டை ராடு, அலையாத்திச் செடிகளின் வேருக்குள்ளே பிளாஸ்டிக் தவளையை விட. ஒன்பதடி, கடற்கரையிலிருந்து எறிய. ஏழரையடி ஹெவி, ஐயாயிரம் சைஸ் ரீலோடு, முகத்துவார இழுப்புக்கு. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து, வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்தேன். நான்கு ராடும் தலைக்கொரு கொடுவாவைக் கொடுத்துவிட்டன. ஐந்தாவதற்குத்தான் இரண்டு வருஷம் ஒன்றும் விழவில்லை. கடைசியில் விழுந்தது. அதைத்தான் நீயும் உன் ஊரும் சேர்ந்து கேவலப்படுத்துகிறீர்கள்.

ராடுகளை எடுக்க எப்போது வரலாம் என்று எழுது.

எபினேசர்


கோரைத்திட்டு குப்பம்,
28.9.2025.

எபினேசருக்கு,

உன் ராடுக் கணக்கை வீட்டில் புவனேஸ்வரிக்குப் படித்துக் காட்டினேன். "நீ காட்டுன எடத்துக்கெல்லாம் எடத்துக்கு ஒரு கம்பு வாங்கி வச்சிக்கினாரு. இதுல பெருமை வேற" என்றாள்.

உன் லீவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உனக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம்.

முந்தின நாள் என்னிடம், கரையோரம் லைட் ராடு போடப் போகிறேன், படகை மட்டும் கொடு என்றாய். நம்பிக் கொடுத்துவிட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு பொன்னேரி கண் டாக்டரிடம் போனேன். காலையில் வந்து புவனேஸ்வரியிடம், "லைட்டு ஒடஞ்சிருக்கு தங்கச்சி, பெருசையே எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லி ஐந்தாவது ராடை இறக்கியிருக்கிறாய். லைட் ராடை நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கரையிலிருந்து கிளம்பும்போதே முகத்துவாரத்துக்குத்தான் கிளம்பியிருக்கிறாய்.

இரண்டாவது, சித்தப்பாவின் வலை மூன்று முழம் அறுந்திருக்கிறது. நண்டு கடித்த அறுப்பு பிசிறாக இருக்கும். இது நேராக இருக்கிறது, கத்தி. அந்த இடத்தில் இரண்டடிப் பச்சை நூல் சிக்கியிருந்தது. உன் ரீலில் ஓடும் அந்தப் பின்னல் நூல் இந்தக் குப்பத்தில் எவனிடமும் இல்லை. இப்போது அரசப்பன் மாமாவிடம் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது.

மூன்றாவதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன் வீடியோவில் ஒரே ஒரு இடத்தில் உன் கை நகர்கிறது. அங்கே நிறுத்திப் பார்த்தேன். மீனின் செவுளுக்குப் பின்னால் செதில் தேய்ந்து வளையம் விழுந்திருக்கிறது. வலைக்கண்ணில் மாட்டிக் கிடந்த மீனுக்குத்தான் அது விழும். ஊர்க்காரர்கள் மீனின் சைஸைப் பார்த்தார்கள், கழியைப் பார்த்தார்கள். உன் கை மறைத்ததை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் காத்திருந்து கடைசியில் கத்தியால் மீன் பிடித்திருக்கிறாய். அதற்கு எதற்கு ஐயாயிரம் சைஸ் ரீல்?

எழுதுவதானால் முழுசாக எழுது. அரைகுறையாக ஒரு தாள் அனுப்பிவிட்டு எனக்கு உபகாரம் செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரியாதே. ராடு எடுக்க இந்தப் பக்கம் வராதே.

முரளி


புதுவாயல்,
3.10.2025.

முரளிக்கு,

கிரேஸ் இன்று பக்கத்தில் இல்லை.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். முதல் தாளில் நீ கேட்டது இருக்கிறது. செப்டம்பர் 13, சனிக்கிழமை, நான் தனியாகப் போனேன், கழியைத் தாண்டாதே என்று நீ சொல்லியிருந்தாய், மீறியது நான். கையெழுத்து, ஆதார் நகல் எல்லாம் இருக்கிறது.

இரண்டாம் தாள் நீ முழுசாகக் கேட்டதற்கு. அதில் உள்ளதை இங்கேயும் எழுதுகிறேன், உன் ஊர் படிப்பதற்கு முன்னால் நீ படித்துக்கொள். காலை ஆறு நாற்பதுக்கு என் தூண்டிலின் பிளாஸ்டிக் மீன் செங்கல்வராயனின் வலையில் மாட்டியது. எடுக்கப் போனேன். வலையில் கொடுவா உயிரோடு இருந்தது. ஐந்து நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரும் வரவில்லை. பிறகு வலையை அறுத்தேன், நூலையும் அறுத்தேன். புது நூல் நுனியில் பிளாஸ்டிக் மீனைக் கட்டி, கொடுவாவின் வாயில் நானே மாட்டினேன். தண்ணீருக்குள் விட்டு, இழுத்து, வீடியோ எடுத்தேன்.

கிரேஸிடம் முந்தாநாள் சொன்னேன். "சர்ச்சுல நாலு ஊட்டுக்குக் குழம்பு குடுத்தேனேய்யா. 'எங்க ஊட்டுக்காரரு புடிச்சது'ன்னு சொல்லிக் குடுத்தேனே" என்றாள்.

வீடியோவை நீக்கிவிட்டேன். மன்னிப்பைச் செங்கல்வராயனிடம் கேட்கிறேன், தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை. அந்த வளையத்தை முதல் நாளே பார்த்துவிட்டு என்னைக் கேலி செய்வதற்காகச் சேர்த்து வைத்திருந்தவன் நீ.

அக்டோபர் 13ஆம் தேதி காலை எச்.ஆர். கூப்பிடுவார்கள். அதற்குத் தயாராக இருக்கிறேன்.

எபினேசர்


கோரைத்திட்டு குப்பம்,
8.10.2025, புதன்.

எபினேசருக்கு,

உன் தாள்கள் இரண்டையும் இன்று காலை பதினொரு மணிக்கு அரசப்பன் மாமாவின் கையில் கொடுத்தேன். அவர் என் எதிரிலேயே படித்தார்.

உனக்கு எழுதாமல் விட்ட விதி ஒன்று இருக்கிறது. அடுத்தவன் வலையிலிருந்து எடுத்த மீன் எந்தப் படகில் ஏறியதோ, அந்தப் படகுக்கு அந்த வருஷம் பாடு கிடையாது. படகில் யார் இருந்தார்கள் என்பது கணக்கில்லை. முதல் தாள் என் பெயரைச் சீட்டில் ஏற்றும். இரண்டாம் தாள் இறக்கும். அது எனக்கு முதலிலிருந்தே தெரியும். வளையத்தை நான் வெளியே சொல்லாததற்குக் காரணம் அதுதான், உன்னைக் காப்பாற்ற இல்லை. அப்புறம் கோபத்தில் முழுசாக எழுது என்று உன்னை உசுப்பிவிட்டேன். நீ எழுதமாட்டாய் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை உன் கவர் வந்தது. புவனேஸ்வரி, "மொத தாள மட்டும் குடுத்துட்டு வாய்யா. இன்னொண்ண அடுப்புல போடறேன். அந்தாளு வந்தா கேக்கப் போறாரு?" என்றாள். இரண்டு நாள் அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். எரிக்க நான்தான் விடவில்லை.

அதை மறைத்தால், ஆயுசுக்கும் உனக்கும் எனக்கும் நடுவில் அந்தத் தாள் இருக்கும். நான் ஒவ்வொரு முறை வலை வீசும்போதும் நீ புதுவாயலில் உட்கார்ந்துகொண்டு, இது நான் வாய் மூடியிருப்பதால் கிடைத்த பாடு என்று நினைக்கலாம். உன்னோடு சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றும் அளவுக்குக்கூட எனக்கு உன் உறவு வேண்டாம்.

மாமா படித்துவிட்டு, "ஏண்டா, இது உனுக்கே ஆப்பு வெக்குதேடா. தெரிஞ்சேதான் குடுக்கறியா?" என்றார். தெரியும் என்றேன். சித்தப்பாவிடம் அவரே பேசுவதாகச் சொன்னார். பேசி என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

நான்கு ராடுகளைப் புதுவாயல் கூட்டுரோட்டில் ஆசீர்வாதம் சைக்கிள் கடையில் கொடுத்திருக்கிறேன். ரீல்களில் உப்புத் தண்ணீர் போகக் கழுவியிருக்கிறது, அது புவனேஸ்வரியின் வேலை. ஐந்தாவது ராடு மாமாவிடம் இருக்கிறது. அதை உனக்குத் தருவதா, வலைக்கு ஈடாகச் சித்தப்பாவுக்குத் தருவதா என்று இன்னும் முடிவாகவில்லை. இனி எனக்கு எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.

சீட்டுகளைக் கோயிலில் வெட்டி வைத்துவிட்டார்கள். மொத்தம் பத்தொன்பது. பதினெட்டில் பெயர் எழுதியாயிற்று. ஒன்று இன்னும் வெற்றுச் சீட்டாக இருக்கிறது. அதில் என் பெயரை எழுதுவதா, சீட்டையே எடுத்துவிடுவதா என்பதை ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூட்டம் முடிவு செய்யும். ஐந்து மணிக்குக் குலுக்கல்.

முரளி