இடது மூலையில் காணாமல் போன பந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தத் தடவை முக்கால் பங்கு நலம் என்று எழுதினால்தான் பொய் இருக்காது. அம்மா முழு நலம், அவள் குரலும் முழு நலம், பக்கத்து வீட்டுக்காரர்களே சாட்சி. போனில் சொல்லியிருக்கலாம்தான், நான் ஒரு வாக்கியம் ஆரம்பிப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கி மீதியைத் தன் இஷ்டத்துக்குச் சொல்லுவாள், நீ அங்கே தனியாய் உட்கார்ந்து அழுவாய், அதனால்தான் கடிதம். நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் இரண்டு மாதமாய் நாங்கள் கூடைப்பந்து ஆடுகிறோம். சிரிக்காதே. டெப்போ மெக்கானிக் காட்டிய இணையப் பக்கம், எதையும் இறக்கி வைக்க வேண்டாம், பிரவுசரில் திறந்தால் நீ பிறப்பதற்கு முன்னால் வந்த விளையாட்டு அப்படியே ஓடும். ஆட்கள் எல்லாம் செங்கல் அடுக்கியது போல, அத்தனை பேருக்கும் ஒரே முகம், சட்டை நிறம்தான் வேறு. ஒரே கீபோர்டில் இரண்டு பேர், எனக்கு இடப்பக்கத்து எழுத்துகள், அம்மாவுக்கு அம்புக்குறிகள், நடுவில் இரண்டு முழங்கைகளுக்கும் எல்லைத் தகராறு. முப்பத்தோரு வருஷமாய் பஸ் ஓட்டுகிறவன், கையும் காலும் கண்ணும் ஒரே நேரத்தில் வேலை செய்கிற தொழில், நம்மை யார் ஜெயிப்பது என்று மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினேழு ஆட்டம் வரிசையாய்த் தோற்றேன். யாரிடம்? சின்ன வயதில் நீ ஜன்னலை உடைத்தபோது பந்தைப் பொறுக்கி ஒளித்து வைத்ததைத் தவிர பந்தென்று ஒன்றைத் தொட்டே அறியாதவளிடம்.

எல்லாத் தோல்வியும் ஒரே மாதிரி. பந்து திரையின் மேல் இடது மூலைக்குப் போகும், காணாமல் போகும், அடுத்துப் பார்த்தால் கூடைக்குள் இருக்கும். அம்மா ஏதோ குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டாள் என்று சண்டை போட்டேன், திரையைத் துடைத்தேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மெக்கானிக்கிடம் போய் உன் விளையாட்டில் ஓட்டை இருக்கிறது என்று புகார் சொன்னதற்கு, “அண்ணே, தோத்தவன் எல்லாரும் அதத்தான் சொல்றான்” என்று டீயை என் பக்கம் தள்ளினார். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆட்டம் சமநிலையில் நிற்கிறது, இன்னும் பதினோரு வினாடி, பந்து அவள் கையில். திடீரென்று கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். “இப்ப என் ஆள் எங்க நிக்கிறான், தலையத் திருப்பாம சொல்லுங்க” என்றாள். நான் என் ஆளையே பார்த்துக்கொண்டு, “கோட்டுக்கு வெளிய போயிட்டான்டி, அங்க வெறும் தரைதான் இருக்கு” என்றேன். வினாடி ஓடி முடிந்து சங்கு ஊதியது. பிறகு தலையைத் திருப்பினேன், இடது மூலையில் அவன் பந்தோடு சாவகாசமாய் நின்றுகொண்டிருந்தான். அம்மா இதைச் சொல்லி ஒரு வாரம் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. “பஸ்ல இடது பக்கக் கண்ணாடிய எப்படிப் பாக்குறீங்க?” என்று மட்டும் கேட்டாள். முப்பத்தோரு வருஷமாப் பாக்குறேன், எனக்கே பாடமா என்று எகிறினேன். எகிறியதன் காரணம் அப்போது அவளுக்குத் தெரியாது. மூன்று வாரம் முன்னால் ஒரு சைக்கிள்காரர் பஸ்ஸின் இடது பக்கத்தைக் கையால் படபடவென்று தட்டினார், நான் தலையை நீட்டி “கண்ணு தெரியலையாய்யா உனக்கு” என்று கத்திவிட்டுப் போனேன். கத்தியது யார் பார் பாப்பா.

மறுநாள் எனக்குக் காலை எட்டு மணி வண்டி. ஒரே ஒரு நாள்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன், என் புத்தி உனக்குத் தெரியாததா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆந்தை மாதிரி கழுத்தை முழுசாய்த் திருப்பிப் பார்த்தேன். கண்டக்டர் பெண் “என்னண்ணே, கழுத்துல சுளுக்கா, அண்ணிகிட்ட எண்ணெய் போட்டு நீவி விடச் சொல்லுங்க” என்றாள், முன் இருக்கையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். நாலாவது நிறுத்தம் பள்ளிக்கூட வாசல், உள்ளே நாற்பத்தாறு பேர். கதவை மூடினேன், கண்ணாடியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பினால் ஷூ லேஸ் கட்டக் குனிந்திருக்கிறாள் ஒரு சிறுமி, முன் சக்கரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. நிதானமாய்க் கட்டி முடித்து ஓடிப்போனாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒன்றும் இல்லையை இனிமேல் எப்படி நம்புவது? கால் பிரேக்கை விட்டு எழும்பவே இல்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன், உள்ளே “டிரைவர் தூங்கிட்டாராப்பா” என்று ஒருவர். என்ஜினை அணைத்துச் சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்து, “டெப்போவுக்குப் போன் போடும்மா, வேற ஆள அனுப்பச் சொல்லு, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல” என்றேன். சொல்லி முடித்ததும்தான் மூச்சே வந்தது.

அன்றைக்கே அம்மா என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே வெள்ளைக் கிண்ணம் கவிழ்த்தது போல் ஒரு இயந்திரம், அதில் முகவாயை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எங்கேயாவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வேலை போய்விடுமே என்ற பயத்தில் உன் அப்பா என்ன செய்தேன் தெரியுமா, தெரிந்தாலும் அழுத்தினேன், தெரியாவிட்டாலும் அழுத்தினேன், தந்தி ஆபீஸ்காரன் தோற்றான் போ. டாக்டரம்மா தாளைப் புரட்டிப் பார்த்து, “சார், வெளிச்சமே போடாத நேரத்துலகூட நீங்க பாத்திருக்கீங்க, யாரை ஏமாத்துறீங்க?” என்று கேட்டார். அம்மா திட்டவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு, “இன்னொரு தடவ உக்காருங்க, தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க” என்றாள், குரல் பாதிதான் வந்தது. உட்கார்ந்தேன். பொட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கும், எனக்குத்தான் வரவில்லை, கட்டைவிரல் சும்மா காத்துக் கிடக்கிறது. அந்தச் சில நிமிஷத்தைப் போல நீளமான சாலையை நான் ஓட்டியதில்லை.

கிளாக்கோமா என்கிறார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாய்ச் செத்துப்போவதாம், வலிக்காதாம், சொல்லிக்கொள்ளாமல் நடக்குமாம். இரண்டு கண்ணிலும் இருக்கிறது, இடதில் அதிகம். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. பஸ் இனிமேல் இல்லை. டெப்போவில் நேர அட்டவணை போடுகிற இடத்தில் நாற்காலி தருகிறேன் என்றிருக்கிறார் மேலாளர், தாமதமாய் வந்தாய் என்று என்னைத் திட்டியவர்கள் எல்லாம் இனி என்னிடம் நேரம் கேட்டு நிற்க வேண்டும். இப்படிச் சொல்லித்தான் இரண்டு நாளாய்ச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கிளம்பும்போது டாக்டரம்மா பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று புரிவதற்குள் அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள். இது அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கும் இறங்குமாம். என் மூக்கைக் கொடுத்தேன், பிடிவாதத்தைக் கொடுத்தேன், இதையும் கொடுத்துத் தொலைத்தேனா என்றுதான் அன்றிலிருந்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கண்ணாடிக் கடையில் நாலு எழுத்தை வாசித்துக் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடாதே, டாக்டரிடம் போய் அப்பாவுக்கு இருக்கிறது என்று முதலில் சொல், கண்ணுக்குள் அழுத்தம் அளந்து, நரம்பையும் பார்க்கச் சொல். நல்லாத்தான்ப்பா தெரியுது என்று மட்டும் பதில் போடாதே, எனக்கும் போன செவ்வாய்க்கிழமை வரை நன்றாகத்தான் தெரிந்தது.

நீ நூறு வயது இரு, நூறிலும் தூரத்துப் பலகையைக் கண்ணாடி இல்லாமல் வாசி, அம்மாவும் இதையேதான் வேண்டிக்கொண்டிருக்கிறாள். கடிதம் கிடைத்த வாரத்திலேயே போ. முடிவு எதுவானாலும் மறைக்காமல் சொல், எனக்கே முதலில் சொல்.

இப்படிக்கு,
சொட்டு மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு உன் போனுக்குக் காத்திருக்கும்
அப்பா