கட்டிலுக்கடியில் சக்கரம்

இன்றைக்குக் காரைத் தொடாதே. டியூட்டிக்குப் பஸ்ஸில் போய்விடு. சாவியை ஒளித்தால் தேடி எடுத்துவிடுவாய் என்றுதான், முன் சக்கரத்தையே கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். காலில் இடித்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை பிரேக் வேலை பார்த்தபோது, “சக்கர போல்ட்ல மரை தேஞ்சிருக்கு, புதுசு போடுங்க” என்றாய். “எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று எரிந்து விழுந்து, பழையதையே மாட்டினேன். விடிந்ததும் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். ஒன்று கையாலேயே கழன்று வந்தது. புதிது வாங்கப் போகிறேன்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. உப்பு பார்த்துக்கொள்.

பி.கு.: நேற்று அந்தக் காரில்தானே நீயும் பாப்பாவும் போய் வந்தீர்கள்? இதை எழுதுவதற்குள் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.