நாலரை அடி அகலம்

ஒக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். வெள்ளவத்தையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு திறீவீலில் ஒரு மணித்தியாலம். பொரளைச் சந்தியில் மட்டும் இருபது நிமிடம்.

தம்பி குகன் கிளிநொச்சியில் சின்ன ட்ரக்டர் வாங்கியிருக்கிறான், வயல் வயலாகப் போய்க் கூலிக்கு உழ. தார் ரோட்டில் ஓட்டினால் டயர் தேயும், நேரமும் போகும். கப் வாகனத்துக்குப் பின்னால் கொழுவி ஏற்றிப்போக ட்ரெயிலர் வேண்டும். "நீங்கள் பார்த்து எடுங்கோ அக்கா. உங்களை ஒருத்தரும் ஏய்க்கேலாது." முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது.

கொப்பியில் எழுதிக்கொண்டு போனது:
அகலம் – 4 அடி 1 அங். (டயரின் வெளி விளிம்பு)
நீளம் – 8 அடி. மண் கிளறும் ரொட்டரியோடு 10
பாரம் – ஒரு தொன்னுக்குக் கிட்ட
ஒரு அச்சா, இரண்டு அச்சா – கேட்க
முருங்கைக்காய் (வரும்போது)

ட்ரெயிலர் செய்யும் நியாஸ் நானாவின் பட்டறை. அறுபது வயது இருக்கும். நான் சிங்களத்தில் தொடங்க, தமிழில் பதில் சொன்னார். டீச்சர் என்பதையும் சொல்லிவைத்தேன். "ஒரு அச்செண்டா ப்ரேக் அடிக்கிற நேரம் ஆட்டும் டீச்சர். ரெண்டு அச்சே எடுங்க." சரி. அப்படி இரண்டு ட்ரெயிலர் தயாராக நின்றன. ஒன்று நாலரை அடி அகலம், மற்றது ஆறடிக்கு மேல்.

"சேத்துல எறங்க இரும்புச் சில்லு இரிக்கா? டயருக்கு வெளிய பூட்டுறது. இரிந்தா அகலமானதத்தான் எடுக்கணும்."

அப்படியொன்று இருப்பதே தெரியாது. போன் கைப்பையில். குகனைக் கேட்க அரை நிமிடம் போதும். வெல்டிங் செய்துகொண்டிருந்த நரைத்த மீசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதெல்லாம் இல்லை. நான் அளவோடதான் வந்தனான்."

"தம்பிக்கிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்களே."

"தேவையில்லை."

"டீச்சர் சொன்னா சரிதான்."

ஓடர் தாளில் 'இரும்புச் சில்லு இல்லை' என்று எழுதித் தந்தார். தேர்ச்சி அறிக்கையில் போடுவதுபோல் முழுக் கையெழுத்துப் போட்டேன். முருங்கைக்காய் மறந்துபோனது.

ஒக்டோபர் 16, வியாழன்

கு.வின் சிநேகிதர் வந்து ட்ரெயிலரைக் கொழுவிக்கொண்டு போனார். நாலரை அடிதான். பார்க்க வடிவாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஒக்டோபர் 23, வியாழன்

கந்த சஷ்டி விரதம், இரண்டாம் நாள். தலையிடி. மத்தியானம் குகன் போன் எடுத்தான்.

"இரும்புச் சில்லோட ட்ரெயிலரில ஏறாது அக்கா. ஒவ்வொரு வயலுக்கும் கழட்டிப் பூட்ட ஒரு மணித்தியாலம். எட்டுப் பேருக்கு வாறன் எண்டு சொன்னனான். ரெண்டு பேர் வேற ஆளைப் பிடிச்சிட்டினம். அந்தாள் சில்லைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை."

யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

"அவையள் அப்பிடித்தான். எங்கட ஆக்கள் எண்டா தலையில கட்டிவிடுவினம்."

நானா முஸ்லிம் என்பதால்தான் அப்படிச் சொன்னான். கொட்டாஞ்சேனையில் எத்தனை முஸ்லிம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தால் எழுப்பி வெளியே விட்டிருப்பேன். பச்சைத் தண்ணீரும் படாத வாய். பொய்க்கு மட்டும் விரதமில்லை.

நாளை: லைட் பில். பல் டொக்டர். கு.வுக்கு உண்மையைச் சொல்ல.

ஒக்டோபர் 25, சனி

லைட் பில் மட்டும் கட்டினேன்.

விடிய கு. ட்ரெயிலரோடு வந்து நிற்கிறான். தேத்தண்ணியும் குடிக்கவில்லை. "வாங்கோ அக்கா, நீங்களும் நிக்கவேணும்." பட்டறை பூட்டியிருக்கவேண்டும் என்று வழி முழுக்க முருகனைக் கேட்டேன். திறந்திருந்தது.

"கேட்டு விக்கவேண்டாமோ? வயசுபோன பொம்பிளை எண்டு ஏமாத்திப்போட்டீங்கள்," என்று கு. சத்தம் போட்டான். மீசைக்காரர் எழும்பி வந்தார். "நானா, அண்டைக்கி இவங்கதானே..."

"நீங்க வேலையப் பாருங்க."

ஆணியில் குத்தியிருந்த தாள்களிலிருந்து ஒன்றை நானா எடுத்தார். என் கையெழுத்து வாசலிலிருந்தே தெரிந்தது. நான் ட்ரெயிலர் சில்லின் நட்டுகளை எண்ணினேன். ஐந்து. நானா என்னை ஒருமுறை பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கேக்காதது எண்ட பிழை தம்பி. வுட்டுட்டுப் போங்க. அத வெச்சிட்டு அகலமானதத் தாறன். ஒண்டும் தரத் தேவல்ல."

கொழுவிக்கொண்டு வந்தோம். "பார்த்தீங்களோ, அதட்டினாத்தான் வழிக்கு வருவினம்," என்றான் கு. நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் போதும். வெட்கம் கெட்டவள்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

நேற்று சூரன்போர். விரதம் முடிந்தது. தனியாக கிராண்ட்பாஸ் போனேன்.

மன்னிப்புக் கேட்கத் தமிழில் வாய் வரவில்லை. சிங்களத்தில் கேட்டேன், ஏதோ அரசாங்கக் கந்தோரில் கேட்பதுபோல். அவர் தமிழிலேயே சொன்னார்: "தம்பிக்கு முன்னால டீச்சர எப்பிடி வெக்கப்படுத்துற?" பிறகு அந்தத் தாளை எடுத்து நீட்டினார். "நீங்களே அவருக்கிட்ட சொல்லுங்க. அவர்ட ஊர்ப் பக்கத்து ஆக்களும் இங்க வாறவங்க. எண்ட பேரு கெட்டா வரமாட்டாங்க."

இன்றைக்கே சொல்கிறேன் என்றேன். தாள் இந்தக் கொப்பிக்குள் இருக்கிறது.

ஒக்டோபர் 30, வியாழன்

மழை. துவைத்தது ஒன்றும் காயவில்லை. நேற்றும் முந்தநாளும் கு.வுக்கு எடுக்கவில்லை. இன்று அவனே எடுத்தான். நல்ல சந்தோசம்.

"சில்லோடயே ஏறுது அக்கா. இண்டைக்கு மட்டும் மூண்டு வயல். இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், அந்தப் பட்டறைப் பக்கம் தலை வச்சும் படுக்காதேங்கோ எண்டு. நீங்கள் பக்கத்தில நிண்டபடியாத்தான் அந்தாள் பிழையை ஒத்துக்கொண்டது, என்ன?"

ஓம் என்றேன்.