மூடியைத் திறக்கிற கை

மோட்டுவேகா
8 ஜனவரி 2015

மர்டாக்,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. தொலைபேசியில் கூப்பிட்டிருப்பேன், நம் மகள் கிர்ஸ்டன் விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஃபோன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை. எழுதுங்க. ஸ்டாம்ப் ஒட்டறதுக்குள்ள கோபம் ஆறிடும்" என்கிறாள்.

மார்ச் 14 அவள் கல்யாணத்துக்குக் கடை பீர் வேண்டாமாம். அப்பாவும் அம்மாவும் கராஜில் சேர்ந்து காய்ச்சிய அந்தப் பழுப்பு பீர்தான் வேண்டுமாம். விவாகரத்தில் மின்சார அண்டா எனக்கு, அதன் சூட்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டி உனக்கு என்று பிரித்துக்கொண்டோமே, அந்தப் புத்திசாலித்தனத்தின் பலனை இப்போது அனுபவிக்கிறேன். புதுப் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினேன். காய்ச்சும் முறையை நீ எழுதிவைத்த நம் பழைய நோட்டில் உள்ளபடியே 66 டிகிரி வைத்து, முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். புத்தாண்டன்று பாட்டிலைத் திறந்தோம். கிர்ஸ்டன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, இது பீரா, பாட்டில் கழுவின தண்ணியா?" என்றாள்.

நோட்டில் எழுதாமல் எதையோ ஒளித்திருக்கிறாய். சொல்லிவிடு.

ரோனா

பி.கு.: உன் மழைக்கோட்டு இன்னும் இங்கே கராஜ் ஆணியில்தான் தொங்குகிறது.

---

வெஸ்ட்போர்ட்
13 ஜனவரி

அன்புள்ள ரோனா,

எனக்குக் கை வருகிறது, பார்.

நான் எதையும் ஒளிக்கவில்லை. சூட்டை அளக்கிற சென்சாரை எங்கே வைத்தாய்? அடியில் சூடேற்றும் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் அது 66 காட்டும். மேலே பார்லி ஆறிப்போய்க் கிடக்கும். சூடு குறைந்தால் பார்லியின் இனிப்பையெல்லாம் ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடும், பீர் தண்ணீராகிவிடும். தனியாக ஒரு தெர்மாமீட்டரைப் பார்லிக்குள் குத்திப் பார்.

சிரிக்கமாட்டாய் என்றால் ஒன்று சொல்கிறேன். என் கதை நேர் எதிர். இங்கே வாங்கிய புது அண்டாவில் நான் 66 வைத்தால் நம் பழைய பெட்டி 70 வரை ஓடிவிடுகிறது. ஈஸ்ட் தின்ன முடியாத இனிப்பெல்லாம் அப்படியே தங்கிவிடுகிறது. மூன்று வருடமாகப் பாகுதான் காய்ச்சுகிறேன். பக்கத்து வீட்டு லெஸ், "மர்டாக், குறை சொல்றேன்னு நினைக்காத. இதைப் பான்கேக் மேல ஊத்திக்கலாம்" என்கிறான்.

இங்கே மழை. எப்போதும்போல.

மர்டாக்

---

மோட்டுவேகா
19 ஜனவரி

அன்புள்ள மர்டாக்,

சிரித்தேன். இரண்டு தடவை.

நேற்று மறுபடி காய்ச்சினேன். சென்சார் அடியில் இல்லை. பம்ப் அடியிலிருந்து நீரை மேலே கொண்டுவந்து ஊற்றுகிற குழாயின் வாயில், நீ வைக்கிற இடத்தில்தான் இருக்கிறது. பார்லிக்குள் குத்திப் பார்த்தால் 62. கொஞ்சம் ஏறும், உடனே இறங்கிவிடும். ஒரு நிமிடம்கூட நான் நகரவில்லை. எப்போதும்போல வாசனை பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிப்ரவரி 7, சனிக்கிழமை. அன்றைக்குக் காய்ச்சுவதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் கல்யாணத்துக்குள் பீர் தயாராகாது. மகள் கேட்ட ஒன்றே ஒன்று இது. அதையும் நம்மால் கொடுக்க முடியவில்லை என்றால் எனக்குத் தாங்காது.

ரோனா

---

வெஸ்ட்போர்ட்
24 ஜனவரி

அன்புள்ள ரோனா,

'வாசனை பார்த்துக்கொண்டே' என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் பிடிபட்டது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மூக்கை நுழைப்பாய். சூடெல்லாம் வெளியே போய்விடும். நாம் சேர்ந்து காய்ச்சத் தொடங்கிய முதல் வருடம் ஒருநாள் நான், "ரோனா, அந்த மூடியை மூடித் தொலையேன்" என்று கத்தினேன். நீ வீட்டுக்குள் போய்விட்டாய். அன்றைய மீதிப் பொழுது கராஜில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த வாரம் நீ மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியைப் பழக்குகிற பொத்தானை அழுத்தினேன். இந்த அண்டாவில் சூடு போய்க்கொண்டே இருக்கும், கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று அது கற்றுக்கொண்டது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் திறப்பதை நிறுத்திவிடுவாய் என்று பயம்.

இங்கே மூடியைத் திறக்க ஆளில்லை. பாவம், பெட்டி கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

நீ மூடியைத் திறக்காதே. எல்லாம் சரியாகிவிடும்.

மர்டாக்

---

மோட்டுவேகா
29 ஜனவரி

அன்புள்ள மர்டாக்,

வெறும் தண்ணீரை வைத்து, மூடியைத் தொடாமல் சோதித்துவிட்டேன். கடைசிவரை 66. கையை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தேன். துளியும் பிடிக்கவில்லை.

என்னிடம் சொல்லாமல் நீயாக ஒன்றைத் தீர்மானிப்பாய். நம் சண்டையெல்லாம் அதில்தான் தொடங்கும். இதுவும் அதே ரகம்தான். ஆனால் இது மட்டும் அப்போதே எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. இரண்டு நாளாகக் கராஜ் பக்கம் போனாலே அழுகை வருகிறது.

ஒரு கேள்வி. மூடியை மூடி வைத்து அதே பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினால், அரை மணி நேரத்தில் பெட்டி புதிதாகப் பழகிவிடும். அதைச் செய்தவனே நீ, உனக்குத் தெரியாதா? அப்புறம் எதற்கு மூன்று வருடம் பாகு குடித்தாய்?

ரோனா

---

வெஸ்ட்போர்ட்
2 பிப்ரவரி

அன்புள்ள ரோனா,

அழுத்தினால் அது உன்னை மறந்துவிடும். அதனால்தான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பெட்டி என் மடியில் இருக்கும். சனிக்கிழமை மூடியை நீ இஷ்டம்போலத் திற.

மழைக்கோட்டை எடுத்து மடித்து வைத்துவிடாதே. ஆணியிலேயே இருக்கட்டும்.

மர்டாக்