கேட்காமல் கூட்டிய கட்டணம்

நவம்பர் 14, வெள்ளி இரவு

நித்திரை வரவில்லை. காலையில் ஒன்பதாம் வகுப்புக்கு அமெரிக்கக் குடியேற்றங்களின் வரிச் சண்டையை நடத்தினேன். தேயிலை வரி பெரிய தொகையல்ல. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் தங்களுக்கென ஓர் ஆளும் இல்லாதவர்கள்மேல் அதைப் போட்டதுதான் போர்வரை இழுத்தது என்றேன். "அரசர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றாள் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

மாலையில் கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் கூட்டம். நான் செயலாளர். குரோய்டன் கிளை எங்களுக்குக் கட்டும் பங்கைப் பிள்ளைக்கு ஐந்து பவுண் கூட்டினோம். கூட்டப்போகிறோம் என்று முன்பே கேள்விப்பட்டு அந்தக் கிளையை நடத்தும் சிவநேசன் வந்திருந்தார். நிர்வாக சபையில் குரோய்டனுக்கு இடமில்லை என்பதால் கதவடியிலேயே நின்றார்.

"காசு பெரிசில்லை, அண்ணை. எங்களை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"முதல்ல கட்டுங்கோ, பிறகு கதைப்பம்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அவர் சத்தம் போடவில்லை. "அப்ப நாங்கள் தனியப் போறம். கலைவிழா நாடகத்தில எங்கட பிள்ளையளை எதிர்பாக்காதேங்கோ."

பஸ்ஸில் வரும்போதுதான் காலையில் அந்த மாணவி சொன்னது மீண்டும் காதில் ஒலித்தது. வீட்டுக்கு வந்து கூட்டக் குறிப்பு எழுதினேன். 'கட்டண உயர்வு ஏகமனதாக நிறைவேறியது.' மூன்று தரம் வாசித்துவிட்டேன். வெட்ட மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை. பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. கை தூக்க உரிமை உள்ளவர்கள் எல்லோரும் தூக்கினோம். இல்லாதவர் கதவடியில் நின்றார்.