ஏழாம் எண் லாரி

அன்புள்ள டோரீன்,

நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. அளவு சரியாக இருக்கிறது.

இங்கே காலையில் முதலில் வருபவன் பிடித்த லாரியை எடுத்துக்கொள்ளலாம். நான் வழக்கமாக ஓட்டிய ஏழாம் எண் வண்டியின் பிரேக்கைப் பற்றிப் போன வாரமே போர்மேனிடம் சொன்னேன். "ஓட்டத் தெரியாதவன்தான் பிரேக்கைக் குறை சொல்லுவான்," என்றான். அதனால் செவ்வாயன்று சீக்கிரமே போய் நான்காம் எண்ணில் ஏறிக்கொண்டேன். பிறகு வந்த வில்ஃபுக்கு ஏழுதான் மிச்சம். ஈஸ்டருக்கு நம் வீட்டுக்கு வந்து, உன் புட்டிங்கை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டானே, அவன்தான்.

"ஏன்டா, உன் செல்லத்தை என் தலையில கட்டுற? பிரேக் பிடிக்குமா?" என்று சிரித்தான்.

"பிடிக்கும் பிடிக்கும். இன்னிக்கு முதல் லோடு நான்தான்," என்றேன்.

மதியம் ஜல்லிக் குவாரி இறக்கத்தில் ஏழு நிற்கவில்லை.

சனிக்கிழமை அடக்கம் செய்தோம். அவன் அம்மா என் கையைப் பிடித்து, "நீ அவனுக்குத் துணையா இருந்தியேப்பா," என்றாள். கொடுத்த தேநீரைக் குடித்தேன்.

இந்த ஞாயிறு வீட்டுக்கு வரவில்லை. நான்காம் எண்ணை எனக்கே கொடுத்துவிட்டார்கள். நல்ல வண்டி. இன்று அதே இறக்கத்தில் தேவையில்லாமல் பதினோரு தடவை பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பதினோரு தடவையும் நின்றது.

உன் கணவன்